ஒன்பதரை அங்குல லாரி

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றின் பின்கதவு மூட மறுத்தது. முக்கால் அங்குலப் பிசகு. நான் போய் எதிரே நின்று ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டது. அதே நொடியில் வெல்டர் ஜான் பாஷா சம்மட்டியால் இரண்டு போட்டார் என்பதைப் பொறாமைக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள்.

இருபத்தெட்டு வருடமாகச் சங்ககிரி பைபாஸில் லாரிக்குப் பாடி கட்டுகிறேன். இந்த தேசத்தின் சிமென்ட்டில் பாதி என் பலகை மேல் உட்கார்ந்துதான் பயணம் போகிறது. நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் டெல்லியில் கட்டடம் எழும்பாது. இப்படிப்பட்டவன் நேற்று என்ன செய்தேன்? வாயைத் திறந்தேன்.

ராசிபுரத்தில் அக்கா செல்லியம்மாள் வீட்டில் அவள் மகள் இலக்கியாவுக்கு நேற்று நிச்சயம். மாப்பிள்ளை சித்தார்த், பள்ளிபாளையம், விசைத்தறிக் குடும்பம். தாம்பூலம் மாற்றியதும் பேச்சு தாய்மாமன் சீருக்கு வந்தது. பீரோவா கட்டிலா என்று சபை என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து இலக்கியா என் முழங்கையைக் கிள்ளினாள். "மாமா, எனக்குக் கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா வசந்தாமணி. "மேசை போடறதுக்கு எங்கூட்டுல எடமில்லீங்களே. முன்கட்டு பூரா தறி. சுவத்தலமாரியில வேணா ஒரு தட்ட ஒழிச்சுத் தரலாம்."

'சரி, வாங்கித் தருகிறேன்' என்று மூன்று சொல்லில் முடித்திருக்கலாம். எழுந்து நின்றேன். துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"ஒரு தட்டே ஏராளம் சம்பந்தி! ஆயிரத்து நூறு லாரிய ரோட்டுல எறக்கி உட்டவன் நான். ஒரு அடிப் பொட்டி எனக்கு எம்மாத்திரம்? கடையில வாங்க மாட்டேன். என் கையால கட்டி, சீர்த்தட்டுல வெச்சு, தலைமேல சொமந்துட்டு வாரேன்!"

ஒரு குழந்தை மட்டும் கை தட்டியது. என் மனைவி பிரபா பார்த்த பார்வையை இதற்கு முன் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். ஈமு கோழி வாங்கியபோது ஒன்று. கிணற்று மோட்டாரை நானே இறங்கிப் பார்க்கிறேன் என்றபோது ஒன்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

இலக்கியா பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டு. உள்ளே அந்த அலமாரித் தட்டின் அளவு: அகலம் பதினெட்டு அங்குலம், உயரம் பதின்மூன்று, ஆழம் பன்னிரண்டு. நிச்சயத்துக்கு முன்பு வீடு பார்க்கப் போனபோதே சாணால் அளந்து வந்திருக்கிறாள். என் அக்கா மகள்!

அவள் செய்கிற வேலை எனக்கு இன்றுதான் சரியாகப் புரிந்தது. சேலத்தில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் டிசைன் போடுகிறாள். தறியில் ஒரு நூல் ஓடுவதற்கு முன்பே, நெய்து முடித்துக் கட்டிலில் விரித்த மாதிரி திரையில் காட்டிவிடுவாளாம். மடிப்பு, சுருக்கம், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் இருக்குமாம். அதற்குச் சாதாரண கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி விழுந்துவிடும். குதிரை மாதிரி ஒன்று வேண்டும்.

"கல்யாணம் முடிஞ்சு டிசம்பர் எட்டாந்தேதி திங்கக்கெழம வேலைல சேரோணும் மாமா. பள்ளிபாளையத்துல இருந்தே பாக்கலாம்னு கம்பெனில ஒத்துக்கிட்டாங்க. ஆனா சொந்த மெஷின் இருக்கோணும். அன்னிக்கு நான் லாகின் பண்ணலன்னா வேற ஆள எடுத்துருவாங்க."

"எடுக்கட்டுமே, நீ கம்பெனியவே வாங்கிரு."

அவள் சிரிக்கவில்லை. "மாமா, காலி டப்பா ரெடிமேடாக் கெடைக்குதுங்க. ஆர்டர் போட்டா நாலு நாள்ல வந்துரும். உள்ளாற சாமான மட்டும் நாம மாட்டிக்கலாம்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே நிறுத்திக்கொண்டாள். அவளே வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் மாமன் சபையில் சொன்ன சீரை இன்னொருவர் வாங்கினால் மாமன் செத்ததற்குச் சமம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் வாய் அவள் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

பாகங்களின் பட்டியலைக் கொடுத்தாள். நான் உடனே தமிழாக்கினேன்: மதர்போர்டு என்றால் சேஸி. பிராசஸர் என்றால் இன்ஜின். பவர் சப்ளை பேட்டரி. ஃபேன் ரேடியேட்டர். கிராபிக்ஸ் கார்டு, அதுதான் சரக்கு. இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

செப்டம்பர் 8, திங்கள்

தெரியாதது நிறைய இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

முதல் பெட்டி முடிந்தது. ஒன்பதரை அங்குலம் நீளம், அகலம், உயரம். பகடைக்காய் மாதிரி கச்சிதம். மூலைக்கு மூலை ஆங்கிள் கொடுத்து, டிப்பர் லாரிக்குப் போடுகிற மூன்று மில்லி தகட்டில் கட்டினேன். யானை மிதித்தால் யானைக்குத்தான் கட்டுப் போட வேண்டும்.

ஜான் பாஷா தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இருபது வருடமாக என் பட்டறையின் தலைமை வெல்டர். என்னை 'மொதலாளி' என்று அவர் கூப்பிட்டால் ஏதோ கேலி வரப்போகிறது என்று அர்த்தம்.

"மொதலாளி, இதுக்கு ஆர்.சி. புக் வாங்கியாச்சுங்களா?"

"எடை இருந்தாத்தான் பாஷா மரியாதை."

"இருக்கட்டுங்க. சீர்த்தட்டுல வெச்சுத் தலைல சொமப்பேன்னீங்களே? அன்னிக்குக் கழுத்துக்கு முட்டுக் குடுக்க ஒரு ஜாக்கி எடுத்தாறேன்."

தராசில் வைத்தோம். காலியாகவே பதினெட்டு கிலோ. பிரபா அதைக் கொண்டுபோய் வீட்டு மாவு கிரைண்டருக்கு அடியில் வைத்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் செய்ததில் வீட்டுக்கு உபயோகமான முதல் பொருள் என்று அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இரண்டாவது பெட்டி. கேபின் கூரைக்குப் போடுகிற மெல்லிய தகடு. இரண்டே கால் கிலோ! அடித்தகட்டில் துளை விழ வேண்டிய இடங்களைக் குறித்து இலக்கியா அனுப்பிய காகிதத்தை அப்படியே ஒட்டி நாலு குட்டித் தூண் பதித்தேன். பின்பக்க ஓட்டைகளை அவள் போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வெட்டினேன். பெயின்டர் பொன்னன் மஞ்சள் அடித்து, நாலு பக்கமும் தாமரை போட்டு, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதிவிட்டார். கையை நிறுத்த முடியவில்லையாம், பழக்கமாம்.

பாகங்களும் வந்து சேர்ந்தன. சம்மட்டி, கிரைண்டர், வெல்டிங் மெஷின் வரிசையில் அந்த மதர்போர்டையும் வைத்துப் பொரிகடலை படைத்தோம். சந்தனத்தோடு நான் நெருங்கியபோது பிரபா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க. டப்பாவுக்கு மட்டும் வைங்க."

விவேகமுள்ள பெண். இந்த மணிக்கட்டை அவள் அடுத்த வாரமும் பிடித்திருக்க வேண்டும்... என்று பின்னால் எழுத நேராமல் இருக்கட்டும்.

அக்டோபர் 8, புதன்

மதர்போர்டை நாலு தூணில் உட்கார வைத்தேன். தாலி கட்டுகிற சுத்தம். போர்டின் பின்னால் வயர் சொருகுகிற பொந்துகள் வரிசையாக இருக்கின்றன. அவை பெட்டியின் பின்பக்க ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கவில்லை. மொட்டைத் தகட்டில் முகத்தை இடித்துக்கொண்டு நின்றன. ஓட்டை அந்தக் கோடியில் சிரித்துக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான்: 'முன்னால் நின்று பார்த்தால் பிளக் ஓட்டை வலது பக்கம், கார்டு ஓட்டை இடது பக்கம்.' வெட்டியதும் வலது பக்கம்தானே?

ஜான் பாஷா பெட்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "எந்த வலதுங்க?"

"வலதுன்னா வலதுதான். டிரைவர் சைடு."

"டிரைவர் சைடு, செரி. டிரைவரு உள்ள உக்காந்து ரோட்டப் பாக்கறாரு. இலக்கியா பாப்பா வண்டிக்கு முன்னால நின்னு வண்டியப் பாக்குது. அதோட வலது இவருக்குக் கிளீனர் சைடு ஆச்சுங்களே."

உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருடமாக எனக்கு உலகத்தில் வலது இடது கிடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. சாப்பாட்டு இலையில் உப்பு கிளீனர் சைடில் இருக்கும். கல்யாணப் போட்டோவில் பிரபா எனக்குக் கிளீனர் சைடு. யார் 'வலது' என்று சொன்னாலும் என் மண்டை முதலில் லாரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறது. ஒன்பதரை அங்குலப் பெட்டிக்குள்ளும் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

பரவாயில்லை. நாளைக்கு இன்னொரு ஓட்டை வெட்டினால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

அக்டோபர் 9, வியாழன்

எழுதத்தான் வேண்டும். வேறு யார் எழுதுவார்கள்?

"போர்டக் கழட்டிரலாமுங்களா?" என்று பாஷா கேட்டார். கேட்டார், கேட்டார், கேட்டார். மூன்று முறை கேட்டார்.

"இன்ஜினக் கழட்டி வெச்சுட்டா நாம பாடி வெட்டறோம்?" என்றேன்.

எங்கள் தொழிலில் இன்ஜின் அதன் இடத்தில்தான் இருக்கும். பேட்டரி வயரைக் கழற்றுவோம். பொறி பறக்குமே, அதற்காக இன்ஜின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடுவோம். அப்புறம் வெட்டுவோம். ஒரு லாரி எரிந்ததில்லை. அதே பாதுகாப்பு முறைகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன். மின்சாரம் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தேன். சாக்கைத் தொட்டியில் நனைத்து, பிழிந்து (நன்றாகவே பிழிந்தேன், சாமி சத்தியமாக), மதர்போர்டின் மேல் குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி போர்த்தினேன்.

கிரைண்டரை ஓட்டினேன். ஓட்டை பிரமாதமாக வந்தது.

சாக்கைத் தூக்கினால் — இரும்புத் துகளும் தண்ணீரும் குழைந்து, போர்டு பூராவும் கறுப்பாக, கண்மை தீட்டின மாதிரி.

அக்டோபர் 10, வெள்ளி

பிரபாவின் ஹேர் டிரையர். மூன்று மணி நேரம். பிரயோஜனமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பெயின்ட் பிரஷ்ஷால் துகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வெயிலில் காயவைத்தேன். பேட்டரியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்தேன். ஃபேன் கால் சுற்றுச் சுற்றி, என்னை ஒரு பார்வை பார்த்து, நின்றுவிட்டது. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை.

ஜான் பாஷா 'மொதலாளி' என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லி "குரு" என்றார். அதுதான் பயமாக இருந்தது. "குரு, பாப்பாகிட்டச் சொல்லீரு."

அக்டோபர் 21, செவ்வாய். தீபாவளிக்கு மறுநாள்

சொல்லவில்லை. இலக்கியா பலகாரத்தோடு வந்தாள். "மாமா, ஓடுதுங்களா?"

"ரன்னிங்-இன்ல இருக்குது கண்ணு. புது இன்ஜின் பாரு. ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டோணும்."

அவள் சிரித்தாள். பாஷா எழுந்து வெளியே போய்விட்டார். கடித்த லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ராசிபுரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒரு முழுப் பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். உலகத்துப் பெரிய விஞ்ஞானிகள் எல்லாரும் ஆரம்பத்தில் எதையாவது எரித்தவர்கள்தான் என்று தொடங்கும். வாசலில் அவளைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "ஈரச் சாக்கு போட்டு வெட்டுனேன் சாமி. போர்டு போயிருச்சு" என்றேன்.

அக்கா கத்தினாள். "கடையில வாங்கறதுக்கு என்னடா கேடு? உன்ற பவுசுக்கு எம்புள்ளதான் கெடைச்சாளா?" அது பரவாயில்லை. அக்கா பிறந்ததிலிருந்து கத்துகிறாள்.

இலக்கியா கத்தவில்லை.

"எப்ப மாமா ஆச்சு?"

"ஒம்பதாந்தேதி."

"பதினேழு நாளுங்க மாமா. அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வேற ஆர்டர் போட்டிருப்பேனுங்க." அப்புறம் மெதுவாக, "உங்களுக்கு அது சீருங்க மாமா. எனக்கு அது வேலை. அங்க போனதுக்கப்பறம் எனக்குன்னு இருக்கப்போறது அது ஒண்ணுதானுங்க."

என்னடா மனுசன் நீ? ஆயிரத்து நூறு லாரி, ஆயிரத்து நூறு லாரின்னு பீத்திக்கிட்டு — ஒரு புள்ளையோட பொழப்புல ஈரச் சாக்கப் போட்டு மூடிட்டியே. அவ அடிச்சிருந்தாக்கூடத் தேவல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, பாத்துப் போங்க மாமான்னு சொல்லி ஏத்திவிட்டா.

நவம்பர் 3, திங்கள்

சேலத்தில் ஏழு கடை ஏறி இறங்கினேன். இத்தனை சின்ன போர்டு யாரிடமும் இல்லை. ஏழாவது கடைக்காரர் வெளியூரிலிருந்து வரவழைக்கிறேன் என்றார். இருபத்தேழாம் தேதி வருமாம். கல்யாணம் முப்பது. செத்துப்போன போர்டைக் காட்டினேன், ஒருவேளை உயிர் இருக்குமோ என்று. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது ஆத்துல விழுந்துச்சுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அது கௌரவமாக இருந்தது.

இன்ஜின் தப்பித்தது. பிராசஸர் பிழைத்திருக்கிறது என்று அவர் சொன்னபோது கடையிலேயே அவரைக் கட்டிப்பிடித்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இலக்கியா போன் செய்தாள். அவளாகவே! காதில் வைக்கும் முன் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பெட்டி சின்னது, உள்ளே சூடு ஏறுமாம். அலமாரியில் வைத்தால் பின்னால் சுவர், சூடு போக வழியில்லை. அதனால் பக்கவாட்டில் காற்றுப்போக்கி வேண்டும். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. "கண்ணு, ஒரு படம் வரஞ்சு அனுப்பீரு. லாரி மாதிரியே வரை. டிரைவர் எங்க உக்காந்திருக்கறாருன்னு ஒரு பொம்மையும் போட்டுரு" என்றேன். அனுப்பியிருக்கிறாள். டிரைவருக்கு என் மீசை.

பெட்டியை முற்றிலும் காலியாக வைத்து, கிளீனர் சைடில் கேபின் ஜன்னல் மாதிரி ஆறு கீற்று வெட்டினேன். வெட்டும் முன் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நாலு தரம் கையை விட்டுப் பார்த்தேன். ஐந்தாவது தரம் பாஷா விட்டுப் பார்த்தார்.

நவம்பர் 28, வெள்ளி

முகூர்த்தக்கால் நட்டாயிற்று. அதற்கப்புறம் மணப்பெண் வாசல்படி தாண்டக் கூடாது. போர்டு நேற்றுத்தான் வந்தது. அவள் பட்டறைக்கு வர முடியாதென்றால் பட்டறை அவளிடம் போகட்டும். மினி வேனில் பெட்டி, பாகங்கள், திரை, ஸ்க்ரூடிரைவர், நான், பாஷா.

பெண்ணின் இரண்டு கையிலும் மருதாணி, முழங்கை வரைக்கும். காய இன்னும் மூன்று மணி நேரம் ஆகுமாம். மாட்டத் தெரிந்தவளுக்குக் கை இல்லை; கை இருப்பவனுக்கு மாட்டத் தெரியாது. கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தோம். சுற்றிலும் இருபது பெண்கள், நான் கோவிலில் பொங்கல் பானை இறக்குகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, அந்த வெள்ளைப் பிளக்க வலது பக்கம்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். "கிளீனர் சைடுல, இன்ஜினுக்கு அடுத்தாப்பல. ஆங், அதேதான். அமுக்குங்க. பயப்படாதீங்க, அமுக்குங்க."

அதன் பிறகு என் கை தவறவில்லை. "டிரைவர் காலுக்கடியில ஒரு சின்ன வயர்." "பின்கதவுப் பக்கமா கார்டச் சாய்ங்க." "ஸ்டெப்னி இருக்கற எடத்துல ஒரு ஸ்க்ரூ." எங்கே கற்றாள் இதையெல்லாம்? சின்ன வயசில் பட்டறையில் விளையாடியபோது காதில் விழுந்திருக்குமோ? இந்த வயதில் ஒருத்தி என் பாஷையைப் பேசி என்னை வழிநடத்துகிறாள். எனக்கு வியர்த்தது. ஒரு துளி உள்ளே விழுந்துவிடுமோ என்று பாஷா துண்டால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு நர்ஸ் மாதிரி. ஈரத்தின் மேல் எங்கள் இருவருக்கும் இப்போது அவ்வளவு பயம்.

சுவிட்சை அவள் முழங்கையால் தட்டினாள்.

ஃபேன் கால் சுற்று. என் உயிர் நின்றது. அரைச் சுற்று. அப்புறம், சாமி, சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் வெளிச்சம். அக்கா அழுதாள். பாஷா மட்டும் கிளீனர் சைடு கீற்றில் கையை வைத்துப் பார்த்து, "நல்லாச் சூடா வருதுங்க. டீ வெக்கலாம்" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

கல்யாணம் நடந்தது. தலைமேல் சுமந்தேன். நாலு கிலோதான், ஆனால் இமயமலையைக் கொண்டுவருகிற நடையில் வந்தேன். வாழைப்பழத்துக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவில் மஞ்சளாக, தாமரை போட்டு, 'ஒலி எழுப்பவும்' என்று உட்கார்ந்திருந்தது. மேளக்காரர் அதைப் படித்துவிட்டுச் சத்தமாக வாசித்தார்.

வசந்தாமணி தட்டை வாங்கினார். "என்னங்க இது, மைக்செட்டுங்களா?"

"கம்ப்யூட்டருங்க சம்பந்தி! நீங்க சொன்ன தட்டுல அளவா அடங்கும்!"

"அந்தத் தட்டுல இப்பப் பித்தளச் சாமான் ஏத்திட்டமே. கல்யாணத்துக்கு வந்ததெல்லாம் எங்க வெக்கறது? பொறவு பாக்கலாமுங்க."

நான் சிரித்தேன். இலக்கியாவும் சிரித்தாள். இரண்டும் சிரிப்பில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

போனில் கேட்டேன். பெட்டி இன்னும் சாக்குக்குள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். திங்கட்கிழமை எட்டாம் தேதி!

"அத்தைகிட்டக் கேக்கறதுதான கண்ணு?"

"கேட்டனுங்க மாமா. புதுப்பொண்ணு, ஒரு மாசம் போகட்டுமேங்கறாங்க. அவரும் சொல்லிப் பாத்தாரு."

வேட்டியை மடித்துக் கட்டினேன். வேனை எடுக்கச் சொன்னேன். ஒரு போர் நடக்கப்போகிறது, காவிரி இரண்டாகப் பிளக்கும் என்று அறிவித்தேன். பிரபா சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"நீங்க வாயத் தொறந்துதான் அந்தப் புள்ள இத்தன பாடு படுது. மறுபடியும் தொறக்கப் போறீங்களா?"

வேட்டியை இறக்கிவிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஒன்பதரைக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'சமையக்கட்டு வாசப்படியோரம் தரைல வெச்சு லாகின் பண்ணிட்டேன் மாமா.' நூறு தரம் படித்தேன். தரையில். என் ஒன்பதரை அங்குலக் கோபுரம், தரையில். அவளும் தரையில்.

ஜனவரி 11, ஞாயிறு

தலைப்பொங்கல் சீர் கொண்டு பள்ளிபாளையம் போனோம். அக்கா, பிரபா, நான். கரும்புக் கட்டு என் தோளில். வாய்க்குப் பிரபா பூட்டுப் போட்டிருந்தாள்: அலமாரியைப் பற்றி ஒரு சொல் பேசினால் திரும்பி நடந்தே வர வேண்டும்.

முன்கட்டில் தறி தடதடத்தது. உள்ளே நுழைந்ததும் கண் தானாகத் தரைக்குப் போனது. வாசற்படியோரம் ஒன்றுமில்லை. சாக்குக்குள் திரும்பிப் போய்விட்டதா?

பிறகுதான் பார்த்தேன். சுவர் அலமாரியில், நடுத்தட்டில், மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. பித்தளைச் சாமான் ஒன்றுகூட இல்லை. முன்னால் முக்காலியில் இலக்கியா, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, சுவரில் மாட்டிய திரையில் ஒரு பெட்ஷீட்டுக்குச் சுருக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, கம்பெனிக்கு அவசர ஆர்டராம்.

பெட்டிக்கு வலது பக்கம், என் ஆறு கீற்றுக்கும் எதிரே, நாலு விரல் தள்ளி ஒரு எவர்சில்வர் போசி. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது.

"அது என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். பிரபா இடித்தாள். ஆனால் வசந்தாமணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இட்லி மாவுங்க. இந்த மார்கழிக் குளுருல ஆத்தோரமா எங்கீங்க மாவு பொங்குது? ராத்திரி ஆட்டி வெச்சா மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும். அன்னிக்கு வாசப்படிகிட்டப் போசிய மறந்தாப்பல வெச்சுட்டேன். இந்தப் பொட்டி பக்கத்துல. பதினோரு மணிக்குப் பாத்தா பொங்கி வழியுது! அன்னிக்கே பித்தளையெல்லாம் பரண்ல ஏத்திட்டனுங்க."

இலக்கியா திரும்பாமலே சொன்னாள். "காலைல பல்லு வெளக்கறதுக்குள்ள எழுப்பிடறாங்க மாமா. 'ஏங் கண்ணு, இன்னும் மெஷினப் போடலியா, மாவு பொங்க வேண்டாமா'ன்னு."

ஆயிரத்து நூறு லாரி. ஈரச் சாக்கு. ஏழு கடை. இருபது பெண்கள் சாட்சியாக நடந்த ஆபரேஷன். இத்தனைக்கும் பிறகு வரலாறு என்னைப் பதிவு செய்யப்போவது மாவு பொங்க வைத்தவன் என்று. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பெட்டியின் பெருமைகளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்: "சம்பந்தி, இந்தக் காத்துப்போக்கி இருக்குதுங்களே, இது வந்து..."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சம்பந்தி" என்றார் வசந்தாமணி. "புள்ள வேலை பாக்குது."

வாயை மூடிக்கொண்டேன். ஒரு மனிதன் இத்தனை சந்தோஷமாக வாயை மூடியதில்லை.

கிளம்பும்போது வசந்தாமணி வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஒரு உதவி செய்யோணுமுங்க. அந்தக் காத்து வர்ற சந்து ரெண்டு இஞ்சு கீழ இருந்துச்சுன்னா பெரிய போசிக்கு ஏத்தாப்பல இருக்கும். வெட்டிக் குடுப்பீங்களா?"

"செஞ்சரலாமுங்க. உள்ளாற இருக்கற சாமானெல்லாம் மொதல்லக் கழட்டி வெச்சுட்டு" என்றேன். பிரபா தலையசைத்தாள். பிறகு ஜாக்கிரதையாக, மிக ஜாக்கிரதையாகக் கேட்டேன்: "எந்தப் பக்கமுங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"கிளீனர் சைடுலதானுங்க."